மன்றம் ஏறிய முதற்குரல்
(மருத்துவர் முத்துலெட்சுமி ரெட்டியின் வாழ்க்கை வரலாறு)

நுழையும்முன்

ஒரு கலையைப் போற்றும் சமுதாயம் அக்கலையை வளர்த்தவர்களையும் போற்றுகிறதா? அவர்தம் மகளிர் தம் வாழ்வைத் தாமே தேர்ந்துகொள்ள இடந்தருகிறதா? இருபதாம் நூற்றாண்டின் இருபதுகளில் உலகின் பல பகுதிகளில் எழுந்த வினா இது. தமிழகத்தில் இவ்வினாவைச் சட்டமன்றத்தில் எழுப்பியவர், புதுக்கோட்டை மண்ணில் பிறந்த ஒரு மருத்துவர். அவர் கடந்துவந்த பாதையையும் அவர் எழுப்பிய வினாவின் ஆழத்தையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கோகர்ணத்துக் குடைவரை நிழலில்

புதுக்கோட்டை நகரை ஒட்டி அமைந்த பழம்பெரும் ஊர் திருக்கோகர்ணம். இங்குள்ள குடைவரைக் கோயிலில் கோகர்ணேசுவரரும் பிரகதாம்பாளும் வீற்றிருக்கின்றனர். பிரகதாம்பாள், புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். அம்மனின் உருவம் பொறித்த அம்மன் காசு இச்சமத்தானத்தில் புழங்கியது. இக்குடைவரையில் பரிவாதினி என்னும் வீணையின் பெயர் கல்வெட்டாகப் பொறிக்கப்பட்டுள்ளது. இசையைக் கல்லில் எழுதிவைத்த ஊர் இது. கோயிலைச் சார்ந்து இசையும் நடனமும் இங்கே தலைமுறை தலைமுறையாக வளர்ந்தன.

இம்மண்ணில் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் முத்துலெட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். தாய் சந்திரம்மாள், கோயிற்கலையோடு தொடர்புடைய இசைவேளாளர் மரபில் வந்தவர். சாதி கடந்த இம்மணத்தை அக்காலச் சமுதாயம் ஏற்கவில்லை. நாராயணசாமியின் சுற்றத்தார் அவரை ஒதுக்கிவைத்தனர். தந்தையின் குடும்பத்தார் வீட்டுக்கு வராத நிலையையும், தாயின் மரபை ஊரார் தாழ்வாகப் பேசிய நிலையையும் கண்டே முத்துலெட்சுமி வளர்ந்தார். பிற்காலத்தில் அவர் மன்றத்தில் பேசியவற்றுக்கெல்லாம் வேர் இவ்விளமைப் பட்டறிவில் இருந்தது எனலாம்.

திரைக்குப் பின்னே கல்வி

பெண் குழந்தைகள் பூப்பெய்தும் பருவத்தில் பள்ளியினின்று நிறுத்தப்படுவது அக்கால வழக்கம். முத்துலெட்சுமியும் அவ்வாறே பள்ளி செல்வதை நிறுத்தினார். எனினும் கற்பதை நிறுத்தவில்லை. தந்தையின் துணையோடு வீட்டிலிருந்தே படித்து, 1902-ஆம் ஆண்டு மெட்ரிகுலேசன் தேர்வில் வெற்றி பெற்றார். ஊரே வியந்தது.

அடுத்து அவர் மகாராஜா கல்லூரியில் சேர விரும்பினார். அதுவோ ஆடவர் மட்டுமே பயிலும் கல்லூரி. ஒரு பெண் வந்தமர்ந்தால் மாணவர்களின் ஒழுக்கம் குலையும் என எதிர்ப்பு எழுந்தது. மாணவியின் தாய் பிறந்த மரபும் ஒரு தடையாகக் கூறப்பட்டது. அறிவும் உழைப்பும் உள்ள ஒருவரின் விண்ணப்பத்தைப் பிறப்பு முன்வந்து மறித்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது அவரைக் கல்லூரியில் சேர்க்க ஆணையிட்டார், உதவித்தொகையும் வழங்கினார். திரையிட்ட வண்டியில் கல்லூரிக்குச் சென்று, வகுப்பறையிலும் திரைமறைவில் அமர்ந்து அவர் பாடம் கேட்டார். ஆடவர் கண்ணில் படாமல் மறைக்கப்பட்ட அம்மாணவி, தேர்வுப் பட்டியலில் மறைக்க இயலாத இடத்தைப் பெற்றார்.

1907-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பரிசுகளும் பதக்கங்களும் பெற்று, 1912-ஆம் ஆண்டு மருத்துவப் பட்டத்துடன் வெளிவந்தார். அறுவை மருத்துவத்தில் பொற்பதக்கம் வென்றது, பெண்ணின் கை கத்தி பிடிக்கத் தகுதியற்றது என எண்ணியோர்க்கு விடையாக அமைந்தது. சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியேற்ற முதல் பெண்மணி என்னும் பெருமையும் அவரைச் சேர்ந்தது. அவருடைய தங்கை நல்லமுத்துவும் கல்வியில் உயர்ந்து, பின்னாளில் சென்னை இராணி மேரிக் கல்லூரியின் முதல்வரானார்.

திருமண வாழ்வு தம் பணிக்குத் தடையாகுமோ என முத்துலெட்சுமி நெடுங்காலம் தயங்கினார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும். தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்னும் உறுதிமொழியைப் பெற்ற பின்னரே மருத்துவர் சுந்தர ரெட்டியை 1914-ஆம் ஆண்டு மணந்தார். கணவர் இறுதிவரை அவ்வுறுதிமொழியைக் காத்தார்.

இருபதுகளின் உலகம்

முத்துலெட்சுமி பொதுவாழ்வில் நுழைந்த காலத்தை அறிந்துகொள்ள, அன்றைய உலகைச் சற்று நோக்குதல் வேண்டும். முதல் உலகப்போர் 1918-இல் முடிந்தது. போர்க்காலத்தில் ஆடவர் விட்டுச்சென்ற பணிகளைப் பெண்கள் ஏற்றுச் செய்திருந்தனர். போருக்குப் பின் பல நாடுகளில் பெண்கள் உரிமை கோரி எழுந்தனர். அமெரிக்காவில் 1920-ஆம் ஆண்டு நிறைவேறிய பத்தொன்பதாம் அரசியலமைப்புத் திருத்தம், பாலின வேறுபாட்டைக் காட்டி வாக்குரிமையை மறுத்தல் கூடாது என்றது. அந்நாட்டு இளம்பெண்கள் கூந்தலைக் குறுக வெட்டினர், அலுவலகங்களுக்குச் சென்றனர், தம் ஊதியத்தில் வாழ்ந்தனர். வானொலியும் இசைத்தட்டும் வீடுகளுக்குள் நுழைந்தன.

அப்பத்தாண்டை அமெரிக்கர்கள் ஜாஸ் காலம் என அழைக்கின்றனர். ஜாஸ் என்பது தெற்கே நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை. வேலை தேடியும் இனவெறிக் கொடுமையிலிருந்து தப்பியும் அம்மக்கள் வடக்கு நோக்கிச் சென்றபோது, அவ்விசையும் சிகாகோ, நியூயார்க் நகரங்களுக்குச் சென்றது. நாடே அதற்கு ஆடியது. ஆயினும் 1917-இல் வெளிவந்த முதல் ஜாஸ் இசைத்தட்டில் ஒலித்தது வெள்ளையர் குழுவின் இசையே. நியூயார்க்கில் கறுப்பினக் கலைஞர்கள் இசைத்த புகழ்பெற்ற காட்டன் கிளப் அரங்கு, கறுப்பின மக்களைப் பார்வையாளராக ஏற்கவில்லை. வாக்குரிமைத் திருத்தம் வந்த பின்னரும் தென்மாநிலங்களின் கறுப்பினப் பெண்கள் பலர் 1965-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை வாக்களிக்க இயலாமல் தடுக்கப்பட்டனர். கலை கொண்டாடப்பட்டது, கலைஞர் வாயிலில் நிறுத்தப்பட்டார்.

கடல்களுக்கு அப்பாலுள்ள இக்கதை தமிழகத்துக்கு அயலானதன்று. கோயிலிலும் அரசவையிலும் திருமண வீட்டிலும் ஒலித்த இசையும் நடனமும் இங்கே பெரிதும் ஒருசில குலங்களின் உழைப்பால் வாழ்ந்தன. அக்குலங்களின் மகளிரோ, சிறுவயதிலேயே பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்டனர். அவர்கள் பாடியதைச் சமுதாயம் கேட்டு மகிழ்ந்தது. அவர்களுடைய மகள்களைப் பள்ளியிலும் மணவறையிலும் ஏற்க அது முன்வரவில்லை.

மன்றத்தில் ஒரு பெண்

1917-ஆம் ஆண்டு அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோருடன் முத்துலெட்சுமியும் அதன் பணிகளில் தொடக்கம் முதலே பங்கேற்றார். அதே ஆண்டு சரோஜினி நாயுடு தலைமையிலான மகளிர் குழு, இந்தியச் செயலர் மாண்டேகுவைச் சந்தித்துப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமெனக் கோரியது. 1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் இம்முடிவை மாகாண மன்றங்களுக்கே விட்டது. 1921-இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் பிற மாகாணங்களை முந்திக்கொண்டு பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. சொத்துத் தகுதி வேண்டப்பட்டதால் அவ்வுரிமையைப் பெற்றோர் சிலரே. எனினும் பிரான்சு நாட்டுப் பெண்கள் 1944 வரை காத்திருந்தனர் என்பதை எண்ணினால் இதன் சிறப்பு விளங்கும்.

1925-இல் அரசின் உதவித்தொகை பெற்று, பெண்கள், குழந்தைகள் நோய் குறித்த உயர்பயிற்சிக்காக முத்துலெட்சுமி இலண்டன் சென்றார். 1926-இல் பாரிசு நகரில் நடைபெற்ற பன்னாட்டுப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டில் இந்தியப் பெண்களின் சார்பாளராகக் கலந்துகொண்டார். தாயகம் திரும்பியதும் சென்னைச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினராக அவர் பெயர் முன்மொழியப்பட்டது. மருத்துவப் பணி தடைப்படுமென முதலில் தயங்கினார். பெண்களுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு வீணாகக் கூடாது என்பதால் இசைந்தார். பிரித்தானிய இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண்மணி ஆனார். 1927-ஆம் ஆண்டு சனவரியில் மன்றம் அவரை ஒருமனதாகத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தது. வகுப்பறையில் திரைக்குப் பின்னே அமர்த்தப்பட்டவர், இருபதாண்டு கடந்து ஒரு மாகாணத்தின் மன்றத்தை நடத்தும் இருக்கையில் அமர்ந்தார்.

பள்ளி மாணவியர்க்கு மருத்துவ ஆய்வு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ ஏற்பாடு, பெண்கல்விக்கு உதவி, குழந்தைமணத் தடுப்பு, பெண்களை விலைபொருளாக்கும் கொடுமையை ஒழித்தல் என அவர் கொண்டுவந்த கோரிக்கைகள் பல. மணவயது பற்றிய விவாதத்தில் அவர் சாத்திரங்களைக் காட்டிலும் மருத்துவச் சான்றுகளையே நம்பினார். உடல் முதிராத சிறுமியர் பிள்ளைப்பேற்றில் இறப்பதைத் தம் கண்ணால் கண்ட மருத்துவர் அவர். 1929-இல் சாரதா சட்டம் நிறைவேறியபோது, பெண்ணின் மணவயது 14 எனவும் ஆணின் மணவயது 18 எனவும் வரையறுக்கப்பட்டது.

மானிய நிலமும் பொட்டும்

அவருடைய பணிகளுள் மிகக் கடினமானது தேவதாசி முறை ஒழிப்பு. 1927-ஆம் ஆண்டு நவம்பரில், கோயில்களுக்குச் சிறுமியரை நேர்ந்துவிடும் வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென அவர் கொண்டுவந்த தீர்மானத்தை மன்றம் ஏற்றது. தீர்மானம் நிறைவேறியதோடு அவர் அமைதி கொள்ளவில்லை. இம்முறை எதனால் நிலைத்து நிற்கிறது என ஆராய்ந்தார்.

கோயிற்பணி செய்யும் மகளிர்க்கு மானிய நிலம் உண்டு. பணி செய்யும்வரை நிலம் அவர்களுக்கு உரியது; பணி நின்றால் நிலமும் போய்விடும். ஆகவே நிலத்தைக் காத்துக்கொள்ள ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு சிறுமிக்குப் பொட்டுக்கட்ட வேண்டிய நெருக்கடி குடும்பத்துக்கு ஏற்பட்டது. வயிற்றுப்பாடே சிறுமியின் வாழ்வை முடிவுசெய்தது. இக்கட்டினை அவிழ்க்கும் வகையில், இந்து அறநிலையச் சட்டத்துக்கு முத்துலெட்சுமி ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1929-இல் அது சட்டமாயிற்று. அதன்படி, பணியைக் கைவிட்டாலும் நிலத்தைப் பெண்களே வைத்துக்கொள்ளலாம். அரசு வரையறுக்கும் தீர்வையைச் செலுத்தினால் போதும். உணவையும் உரிமையையும் ஒருசேரக் காத்த இத்திருத்தம் அவருடைய நுண்ணறிவுக்குச் சான்றாகும்.

அடுத்து, பொட்டுக்கட்டுதலையே குற்றமாக்கும் சட்ட முன்வரைவை 1930-இல் கொண்டுவந்தார். அது விவாதத்துக்கு வருமுன் உப்பு அறப்போரில் காந்தியடிகள் கைதுசெய்யப்பட்டார். அதனைக் கண்டித்து முத்துலெட்சுமி தம் பதவியைத் துறந்தார். அவர் உருவாக்க முயன்ற சட்டம் 1947-ஆம் ஆண்டு, நாடு விடுதலை பெற்ற பின்னரே நிறைவேறியது. இடைப்பட்ட காலத்தில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர்தோறும் சென்று இவ்வழக்கத்துக்கு எதிராகப் பரப்புரை செய்தார்.

எதிர்க்குரல்கள்

இச்சட்டத்தை எதிர்த்தோர் அனைவரையும் ஒரே தட்டில் வைத்தல் முறையன்று. சமய மரபில் அரசு தலையிடக் கூடாது என்றனர் சிலர். நடனக்கலை அழிந்துபடும் என அஞ்சினர் வேறு சிலர். வழக்கறிஞரும் கலையார்வலருமான இ. கிருஷ்ண ஐயருக்கும் முத்துலெட்சுமிக்கும் 1932-இல் இதழ்களின் வாயிலாகச் சொற்போர் நிகழ்ந்தது.

யாவற்றினும் கருதத்தக்கது, தேவதாசி மகளிரே எழுப்பிய குரல். திருவையாற்றில் தியாகராசருக்குக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலானோர் அரசுக்கு விண்ணப்பங்கள் அளித்தனர். தங்கள் அனைவரையும் ஒழுக்கமற்றவராகக் கருதுவது தவறு என்றும், தங்களுக்கு வேண்டுவது கல்வி என்றும் அவர்கள் வாதிட்டனர். அவர்கள் புலமை மிக்கவர்கள், சொத்துரிமை உடையவர்கள். சட்டத்தால் தம் மதிப்பும் பிழைப்பும் போய்விடுமென்ற அவர்களின் அச்சம் பொய்யானதன்று. 1936-இல் ருக்மிணி தேவி கலாசேத்திராவைத் தொடங்கினார். நடனம் புதிய மேடைகளைப் பெற்றது. பிற குலத்துப் பெண்களும் அதனைக் கற்றனர். மரபுவழிக் குடும்பங்களுள் பாலசரசுவதி போன்றோர் உலகப்புகழ் பெற்றனர். ஆனால் மேடையின்றி மறைந்த கலைஞர்களும் பலர்.

முத்துலெட்சுமி கேட்ட வினாவோ இவற்றுக்கெல்லாம் முந்தியது. வளர்ந்த பெண் ஒருத்தி தன் கலையைத் தானே தேர்ந்தெடுக்கலாம். ஏழெட்டு வயதுச் சிறுமி எதனைத் தேர்ந்தெடுத்தாள்? கலை வாழவேண்டும் என்பதற்காக ஒரு குழந்தையின் வாழ்வைப் பிறர் முடிவுசெய்யலாமா? எதிர்த்தோரின் வாதங்களில் உண்மை இருந்தது. ஆயினும் அச்சிறுமிக்கு அவற்றில் விடை இல்லை. இதனால்தான் அவர் தம் நிலையிலிருந்து வழுவாது நின்றார்.

ஔவை இல்லம்

சட்டம் ஒரு வழக்கத்தைத் தடுக்கலாம்; அதிலிருந்து வெளியேறும் சிறுமி எங்கே உறங்குவாள்? 1930-இல் பொட்டுக்கட்டும் வாழ்விலிருந்து தப்பிய சிறுமியர் மூவர் முத்துலெட்சுமியின் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள மாணவியர் விடுதியில் இடம் மறுக்கப்பட்டது. தமக்கு மகாராஜா கல்லூரியில் நேர்ந்த நிலையே இவர்களுக்கும் நேர்ந்ததை உணர்ந்த அவர், தம் வீட்டிலேயே இடமளித்தார். அவ்வீடே ஔவை இல்லமாக மலர்ந்தது. பின்னர் அது அடையாற்றில் பள்ளியுடன் கூடிய நிறுவனமாக வளர்ந்தது. பாடிய புலமையால் தமிழ்கூறும் நல்லுலகில் தலைநிமிர்ந்து நடந்த மூதாட்டியின் பெயரை, பிறப்பால் இழிவுபடுத்தப்பட்ட சிறுமியரின் இல்லத்துக்கு அவர் சூட்டியது பொருள் பொதிந்தது.

1933-இல் சிகாகோ நகரில் உலகப் பொருட்காட்சியையொட்டி நடைபெற்ற பன்னாட்டு மகளிர் மாநாட்டுக்கு அவர் சென்றார். லூயி ஆம்ஸ்ட்ராங் என்னும் கறுப்பினக் கலைஞர், இருபதுகளில் தம் புகழ்மிக்க இசைத்தட்டுகளைப் பதிவுசெய்த நகரம் அது. அப்போது அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் சிக்கியிருந்தது. இருபதுகளின் ஆரவாரம் அடங்கியிருந்தது. திருக்கோகர்ணத்தில் பிறந்த பெண், பன்னாட்டு மகளிரோடு சமமாக அமர்ந்து இந்தியப் பெண்களின் நிலையை எடுத்துரைத்தார்.

பன்னிரண்டு படுக்கைகள்

இருபதுகளின் தொடக்கத்தில் முத்துலெட்சுமியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். நோய் இன்னதெனத் தெளியுமுன் அது முற்றிவிட்டது. மருத்துவராயிருந்தும் உடன்பிறந்தாளைக் காக்க இயலாத துயரம் அவரை விட்டகலவில்லை. இலண்டனில் பயின்றபோது புற்றுநோய் மருத்துவமனையின் பணிகளை உற்றுநோக்கினார். 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென வேண்டினார். அந்நோய்க்கு மருந்தே இல்லை என்னும் அவநம்பிக்கை நிலவிய காலம் அது.

1943-இல் கணவர் மறைந்தார். அதன்பின்னும் அவர் சோரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் வாயிலாகப் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டினார். வெளிநாட்டில் பயிற்சி பெற்ற தம் மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியை இப்பணிக்கு ஒப்புவித்தார். 1952-இல் தலைமை அமைச்சர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. பின்னர் இணைந்த மருத்துவர் வி. சாந்தா தம் வாழ்நாள் முழுவதையும் அந்நிலையத்துக்கே அளித்தார். ஏழைகள் நாடிச்செல்லும் பெரும் மருத்துவ நிலையமாக இன்று அது விளங்குகிறது.

1956-இல் இந்திய அரசு முத்துலெட்சுமிக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள் அவர் மறைந்தார். ஏழைக் கருவுற்ற தாய்மார்க்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஒரு கல்லூரியின் கதவு அவருக்காக ஒருமுறை திறந்தது. அதன்வழி உள்ளே சென்றவர், தமக்குப்பின் அக்கதவு சாத்தப்படாமல் பார்த்துக்கொண்டார். இன்று புதுக்கோட்டையின் கல்லூரிகளுக்குத் திரையற்ற பேருந்துகளில் மாணவியர் கூட்டம் கூட்டமாகச் செல்கின்றனர்.

தெரிந்து தெளிவோம்

திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள்: முத்துலெட்சுமி பிறந்த அதே ஊரைச் சேர்ந்தவர். ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட மிருதங்கத்தைப் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையிடம் கற்று, கச்சேரி மேடைகளில் வாசித்தார். மிருதங்கக் கலையில் புகழ்பெற்ற பெண்களுள் இவர் முன்னோடி ஆவார்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் முதன்முதலில் கல்லூரி சென்ற பெண் ஒருவரைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து, அவர் சந்தித்த தடைகளைத் தொகுத்து எழுதுக.

2. மானிய நிலம் தொடர்பான 1929-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், தேவதாசி முறையின் வேரை எவ்வாறு தாக்கியது? விளக்குக.

3. கலையைக் காத்தல், கலைஞரின் உரிமையைக் காத்தல் ஆகிய இரண்டும் முரண்படும்போது எதற்கு முதன்மை தரவேண்டும்? அமெரிக்க ஜாஸ் இசையையும் தமிழக நடனக்கலையையும் எடுத்துக்காட்டி வகுப்பறையில் கலந்துரையாடுக.